பி.பி. மாத்திரை எதைக் குறைக்குது?

பி.பி. 150-ன்னு டாக்டர் சொன்னா, நமக்கு அது ஒரு நம்பர். இதயத்துக்கு அது சுமை. இன்னைக்கு அந்தச் சுமையைப் பத்திதான் பேசப்போறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறுற லாரியை நினைச்சுப் பாருங்க. இன்ஜினுக்கு ரெண்டு பாரம்: ஏத்தின சரக்கு, ஏறவேண்டிய மேடு. இதயத்துக்கும் அப்படித்தான். துடிக்கிறதுக்கு முன்னாடி அறையில நிரம்புற ரத்தம்தான் சரக்கு. இதை 'பிரீலோட்'னு சொல்வாங்க. ரத்தத்தை வெளியே தள்ளும்போது எதிர்த்து நிக்கிற அழுத்தம்தான் மேடு, அது 'ஆஃப்டர்லோட்'. பி.பி. கூடினா மேடு செங்குத்தாகுது. லாரிக்காவது ஓசூர்ல ஓய்வு உண்டு. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிச்சாகணும்.

முதல்ல இதயம் சமாளிக்கும். 'லாப்லாஸ் விதி'ன்னு ஒண்ணு இருக்கு. அழுத்தம் கூடினாலும், அறை பெரிசானாலும் தசைச்சுவர் மேல இழுவிசை கூடும். சுவர் தடிச்சா குறையும். அதனால இதயம் தன் சுவரைத் தடிமனாக்கிக்குது. ஆனா தடிச்ச சுவர் இறுகிப்போகும், சரியா விரியாது, அதுக்கு ஆக்சிஜனும் அதிகம் வேணும். வருஷக்கணக்கா இப்படியே போனா தசை தளர்ந்து, அறை பெரிசாகிடலாம். அப்போ அதே பி.பி.க்கு இழுவிசை இன்னும் கூடுது.

இதயம் தள்ளுற ரத்தம் குறைஞ்சதும், உடம்புல ரத்தமே குறைஞ்சுபோச்சுன்னு சிறுநீரகம் எடுத்துக்குது. உப்பையும் தண்ணியையும் தேக்கி வைக்குது. ரத்தக்குழாய்களும் சுருங்குது. களைச்ச இன்ஜின் மேல சரக்கும் கூடுது, மேடும் கூடுது! கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும். ஹார்ட் ஃபெயிலியர்ங்கிறது இதயம் நின்னுபோறது இல்லை. இந்தச் சுமையைத் தாங்க முடியாம போறது.

நீர் பிரியுற மாத்திரை சரக்கை இறக்குது. பி.பி. மாத்திரை மேட்டைக் குறைக்குது. சரியான மருந்துகளால பெரிசான இதயம் ஓரளவு சுருங்கித் தேறுறதும் உண்டு. ஆனா மாத்திரை தினமும் உள்ள போகணும். தமிழக அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவந்து தர்றதுக்குக் காரணமும் இதுதான். அது 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்குத் தொடங்கினது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துல, சாமனப்பள்ளியில.

ஓசூர்ல வாடகை ரூம்ல தங்கி ஷிப்டுக்குப் போறவங்க, சுகாதார ஊழியர் கதவைத் தட்டும்போது வேலையில இருக்கலாம், இல்ல தூங்கிட்டு இருக்கலாம். பி.பி. பெரும்பாலும் வலிக்காது, அதனால யாரும் தேடிப் போறதும் இல்லை. வார லீவுல ஒருதடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்க. திரும்பத் திரும்ப 140/90-க்கு மேல வந்தா டாக்டர்கிட்ட பேசுங்க. ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க, நம்பர் சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. அந்த நம்பரைச் சரியா வச்சிருக்கிறதே அந்த மாத்திரையா இருக்கலாம்.