அம்பு எந்தப் பக்கம்?



நம்பிக்கையைத் தராசில் நிறுக்க முடியாது. சமூக ஆய்வாளர்கள் நாலைந்து கேள்விகள் கேட்டு, பதில்களிலிருந்து அதைக் கணிக்கிறார்கள். எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டு, தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். இதுதான் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி. இந்த அம்புக்குறி முறையை 1921-லேயே மரபியலாளர் சீவால் ரைட் விளக்கினார்.

பொருந்திவிட்டால் உண்மையா? வங்கியில் ஒருவர் பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்தாலும் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகும். அம்பைத் திருப்பிப் போட்டாலும் சில மாதிரிகள் அதே அளவு பொருந்தும்.

நம் கருத்துக்கேட்பில், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்குச் சங்கத்தின் மேல் நம்பிக்கை குறைவு என்று வந்தது. நம்பிக்கை போனதால் கட்டவில்லையா? போர்டில் பெயர் எழுதியதால் நம்பிக்கை போனதா? அபராதம் போடும் முன், கதவைத் தட்டிக் கேட்போம்.