கான்கிரீட்டும் கம்பியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்கு மேன்மாடி ஒன்று எழுப்புவதெனத் தீர்மானித்து, சங்கத்தார் வீடுதோறும் பொருள் திரட்டி வருவதை யாவரும் அறிவீர்கள். எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் எனக்குக் கட்டடத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் நினைத்தல் கூடும். அறியாமையால் விளையும் கேட்டை என் இல்லத்திலேயே ஒருமுறை கண்டவன் யான். அதன்பின் நூல்களைக் கற்றும், பொறியாளரையும் கொத்தனாரையும் வினவியும் தெளிந்த சிலவற்றை உங்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

நான் வீடு கட்டியபொழுது, சன்னலின்மேல் வெளியே நீண்டு நிற்கும் சன்ஷேடிற்குக் கம்பி கட்டி முடித்திருந்தனர். மறுநாள் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. அன்று மாலை உறவினரை அழைத்துச் சென்று காட்டினேன். எல்லோரும் அக்கம்பிகளின்மேல் ஏறி நின்று பார்த்தோம். “ஐயா, கம்பியின்மேல் கால் வைக்க வேண்டா” என்று கொத்தனார் ஒருமுறை சொன்னார், நான் செவிகொடுத்திலேன். நாட்கள் கழிந்து முட்டுக்களை அகற்றியவுடன் சன்ஷேடு முழுதும் மடங்கி வீழ்ந்தது. அதன்கீழ் அப்பொழுது ஒருவரும் இல்லாதது இறைவன் அருள். சிமெண்டிலும் குறையில்லை, கம்பியிலும் குறையில்லை. பின்னர் யாது குறை? அதனை அறிதற்கு முதலில் ஓர் எளிய சோதனை செய்து பார்ப்போம்.

வெள்ளரிக்காய் ஒன்றின் இருமுனைகளையும் பற்றி, நடுப்பகுதி கீழே தாழும்படி வளைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் வாய் பிளக்கும். மேற்பக்கம் நெருங்கிச் சுருங்கும். இருபுறமும் சுவரின்மேல் தங்கிய தளமும் உத்தரமும் பாரத்தால் இவ்வாறே வளைகின்றன. மேற்பக்கத்தில் அமுக்கமும் அடிப்பக்கத்தில் இழுப்பும் தோன்றுகின்றன. இனி, அக்காயின் ஒரு முனையை மட்டும் இறுகப் பற்றி, மறுமுனையைக் கீழே அழுத்துங்கள். இப்பொழுது பிளப்பது மேற்பக்கம். சன்ஷேடின் நிலை இதுவே.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் கல்லையொத்தது. ஆறங்குலக் கனசதுரமாக வார்த்த நடுத்தரக் கான்கிரீட், 28 நாள் முதிர்ந்தபின் ஏறத்தாழ 45 டன் அமுக்கத்தைத் தாங்கும். ஆனால் அதனை இழுத்தால், அவ்வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் காட்டும். இரும்போ இழுப்பிற்கு உரியது. இக்காலத்து 12 மில்லிமீட்டர்க் கம்பி ஒன்றே ஐந்து டன்னுக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்கவல்லது. ஆகவே, எங்கே இழுப்பு உண்டோ அங்கே கம்பியை இடுக என்பதே இக்கலையின் முதல் விதி. என் வீட்டுச் சன்ஷேடில் மேற்பக்கம் இருக்கவேண்டிய கம்பி, எங்கள் காலடியில் அமுங்கி அடிப்பக்கம் சென்றுவிட்டது. இடம் மாறிய இரும்பு இருந்தும் பயனில்லை.

இவ்விரண்டையும் முதலிற் சேர்த்தவர்களுள் ஒருவர் ஜோசப் மோனியர் என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர். செடி வைக்கும் தொட்டிகள் உடையாதிருக்கும்பொருட்டுச் சிமெண்டினுள் இரும்பு வலை பதித்து, 1867-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். வேறுபட்ட இவ்விரு பொருள்கள் பிரியாமல் வாழ்வதற்குக் காரணங்கள் மூன்று. கான்கிரீட் இறுகுங்கால் கம்பியைப் பற்றிக்கொள்கிறது. கம்பியின் வரிகள் அப்பிடியை மிகுவிக்கின்றன. வெயிலிற் காயும்பொழுது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன. சிமெண்டின் காரத்தன்மை இரும்பைத் துருவேறாமற் காக்கின்றது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகித் தனியோர் ஒலி பிறப்பது போலவே, இவை கூடித் தனியோர் ஆற்றல் பெறுகின்றன.

“அப்படியாயின், கம்பியை இன்னும் மிகுதியாக இட்டால் நன்றன்றோ?” என்று நன்கொடையாளர் ஒருவர் என்னைக் கேட்டார். அன்பினால் எழுந்த கேள்வி. ஆயினும் தவறான எண்ணம். அளவாகக் கம்பியிட்ட உத்தரத்தில் பாரம் மிகுந்தால் இரும்பு முதலில் நீளும். விரிசல் காணும்; உத்தரம் தாழும். உள்ளிருப்போர் அது கண்டு வெளியேற நேரம் உண்டு. அளவு கடந்து கம்பியிட்டாலோ, இரும்பு நீளுமுன் மேற்பக்கத்துக் கான்கிரீட் நொறுங்கும். அறிகுறி யாதுமின்றித் திடீரென வீழும். முன்னறிவிப்பின்றி முறிதல் ஆகாது என்பதே வடிவமைப்போர் போற்றும் அறம்.

பாதுகாப்பிற்கு வேறு வழியுண்டு. நம் நாட்டு நியமக் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட 456-ஆம் எண் விதிநூலின்படி, கட்டடத்தின் சொந்தப் பாரத்தையும், ஆட்களும் பொருள்களும் தரும் பாரத்தையும் ஒன்றரை மடங்காகப் பெருக்கிக் கொள்வர். கான்கிரீட்டின் வலிமையை ஒன்றரையாலும், இரும்பின் வலிமையை 1.15-ஆலும் வகுத்துக் குறைத்துக் கொள்வர். தளத்தின் பாரம் உத்தரத்திற்கும், உத்தரத்தின் பாரம் தூணுக்கும், தூணின் பாரம் அடித்தளத்திற்கும், அதன்வழி மண்ணிற்கும் இறங்குவதை ஒவ்வொரு படியிலும் கணக்கிடுவர். ஆதலின் பழைய கீழ்த்தளத்தின்மீது மாடி எழுப்புமுன், கீழுள்ள தூணும் அடித்தளமும் அப்புதிய பாரத்தைத் தாங்குமா என்று ஆராய்தல் இன்றியமையாதது.

கணக்குச் சரியாயினும் செய்கை பிழைத்தால் பயனில்லை. ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 25 லிட்டர் நீர் போதும். இளகியோட வேண்டுமென்று மேலும் நீர் வார்த்தால், அந்நீர் உலர்ந்தபின் நுண்துளைகள் எஞ்சும், வலிமை குன்றும். கம்பியை மூடும் கான்கிரீட் தளத்தில் 20, தூணில் 40, அடித்தளத்தில் 50 மில்லிமீட்டர் கனமேனும் இருத்தல் வேண்டும்; உப்புக்காற்று வீசும் ஊர்களில் இன்னும் மிகுதியாக வேண்டும். இக்கனம் குறைந்தால் ஈரம் புகும். துருவேறிய இரும்பு பருத்து, மூடிய கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும். இதற்காகவே கம்பியின்கீழ்க் கவர் பிளாக்கு வைக்கின்றனர். போட்ட கான்கிரீட்டிற்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டாயினும் வறண்ட கோடையாயினும் 10 நாளும் ஈரம் உலராமல் தண்ணீர் கட்டுதல் வேண்டும்.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் மூன்று. பொறியாளருக்குக் கொடுக்கும் ஊதியத்தை வீண்செலவு என்று கருதற்க. கான்கிரீட் போடுமுன், கம்பி வரைபடத்தில் உள்ளவாறே இருக்கின்றதா என அவர் நேரில் வந்து பார்த்தபின்னரே வேலை தொடங்குக. அன்று வாழ்த்த வரும் நாம் அனைவரும் தரையிலேயே நின்று வாழ்த்துவோமாக! கம்பியின்மேல் ஏற வேண்டா என்று கொத்தனார் சொன்னால், அவர் சொல்லை ஆசிரியர் சொல்லாகக் கொள்வோமாக.

என் வீட்டில் வீழ்ந்தது ஒரு சன்ஷேடு. விடுதியின் தளத்தின்கீழ் உறங்கப் போகின்றவர்கள் நம் பிள்ளைகள்.