சின்ன ரயில் போன தடம்



1891-ல் யஷ்வந்தபுரத்தில் இருப்புப்பாதைக்கு மண் வெட்டியபோது ஒரு மண்கலயம் தட்டுப்பட்டது. உள்ளே 163 உரோம வெள்ளிக் காசுகள். பெங்களூரின் கதையை 1537-லிருந்து, கெம்பே கவுடாவிலிருந்து தொடங்கிப் பழகிவிட்டோம். அந்தக் கலயமோ கதையை ஆயிரத்தைந்நூறு ஆண்டு பின்னுக்கு இழுக்கிறது. ஆனால் காசைப் பொறுக்கிச் சேர்க்கலாம், வெட்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. ஹரப்பாவில் நடந்தது நமக்குத் தெரியும். லாகூர்–முல்தான் பாதையில் ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்கு அந்நகரத்துச் செங்கல்லே ஜல்லியாகிப் போனது.

இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்டது எலகங்காவிலிருந்து தேவனஹள்ளி, நந்தி, சிக்கபள்ளாப்பூர், சிட்லகட்டா, சிந்தாமணி, கோலார் வழியாக பங்காருப்பேட்டை வரையிலான பழைய சின்ன ரயில் பாதை. பங்காருப்பேட்டை அன்று பௌரிங்பேட்டை. அங்கிருந்து கோலாருக்கு 1913-ல் வண்டி ஓடியது. பெங்களூரிலிருந்து சிக்கபள்ளாப்பூருக்கு 1915-ல். தண்டவாள இடைவெளி இரண்டரை அடிதான். சந்தை கூடும் பழைய ஊர்களைத் தேடித் தேடி வளைந்து போன பாதை இது. அதனால்தான் இதன் ஓரமாக நடப்பவர், தாம் நினையாமலே பல நூற்றாண்டுகளைக் கடந்துவிடுகிறார்.

சிக்கஜாலாவில் இரும்புக்காலத்து ஈமக்காடு. தேவனஹள்ளியில் 1791-ல் கார்ன்வாலிஸ் பிடித்த கோட்டை. நந்தி மலையடியில் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த போகநந்தீசுவரர் கோயில். இவற்றுக்கு நடுவே தொட்டஜாலா, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் என்று ஓடு வேய்ந்த சின்னஞ்சிறு நிலையங்கள்.

கோலாரில் மட்டும் சற்று நின்று பேச வேண்டும். சோழர் ஆவணங்களில் இது நிகரிலிச் சோழமண்டலத்துக் குவளால நாடு. கோலாரம்மன் கோயில் சுவரில் நாம் படிப்பது தமிழ். அம்மன் அங்கே பிடாரியார். செங்கல்லாக இருந்த கட்டடத்தை இராசேந்திர சோழன் காலத்தில் கல்லாக மாற்றிய படைத்தலைவன் உத்தமசோழப் பிரம்மமாராயன் என்று அந்தக் கல் சொல்கிறது. குவளாலபுரத்தைத் தம் பட்டப்பெயரிலேயே சுமந்த கங்க மன்னர்கள் கன்னடத்தில் எழுதினார்கள். ஒரே ஊர், இரண்டு எழுத்து. தமிழ் படித்தவர் தமிழ்க் கல்லையும் கன்னடம் படித்தவர் கன்னடக் கல்லையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஊர் பாதிதான் தெரியும். நம் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மொழியும் படிப்பவர்கள் இருந்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரைஸ் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுப்பான எபிகிராபியா கர்னாடிகாவின் பெங்களூர், கோலார் தொகுதிகள் 1905-ல் வந்தன. சின்ன ரயிலுக்கு முந்திய பதிவு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாதையின் இருபுறமும் ஊர் ஊராக நடந்து, எந்தக் கல் இருக்கிறது, எது இடம் மாறியது, எது இல்லை என்று ஒப்பிட வேண்டும். புதியவையும் கிடைக்கும். ஹெப்பாளத்தில், இவ்வளவு பெரிய நகரத்துக்குள்ளே, கி.பி. 750-ஐச் சேர்ந்த கிட்டய்யா நடுகல் 2018-ல்தானே வெளிப்பட்டது! கல்வெட்டோடு நிற்காமல் ஏரி மதகு, நிலையத்துக் கிணறு, கல்பாலம், பழைய மண்கரை எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். தண்டவாளம் போட்ட கூலியாளின் கைவேலையும் வரலாறுதான்.

அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். 2013-ல் கோலார் பக்கமும் அகலப்பாதை ஆகிவிட்டது. இப்போது புறநகர் ரயிலின் சம்பிகே தடம் பெங்களூரிலிருந்து தேவனஹள்ளி வரை 41 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்த ரயில் வேண்டும். வெயிலில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மக்களுக்கு அது கட்டாயம் வேண்டும். பொக்லைன் இறங்குமுன் நாம் நடந்து முடித்திருக்க வேண்டும், அவ்வளவே என் கோரிக்கை. கல் இருக்கும் இடத்தைப் பொறியாளரின் வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்தால், தூணைப் பத்தடி தள்ளி வைக்க அவரால் முடியும். வரைந்து அனுமதி வாங்கிய பிறகு போனால் அவரும் என்ன செய்வார்?

ஆகவே முதல் அமர்வை எலகங்கா–தேவனஹள்ளிப் பகுதிக்கே ஒதுக்கியிருக்கிறோம். மைப்படி எடுத்து வந்திருப்பவர்கள் அவற்றை இந்த நீள மேசையில் ஊர் வரிசைப்படி விரித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.