பதினாலு கோர் பேச்சில் மயங்காதீர்கள்

கட்டட வரைபடத்துக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் நிறுவனங்கள் வாங்கிய ஒர்க்ஸ்டேஷன்கள், சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழிக்கப்பட்டு, துடைத்துச் சோதித்து, ரீஃபர்பிஷ்டு என்று சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. புதிய கேமிங் பிசிக்குக் காசு போதாதவர்கள் இவற்றைத் தேடுவது நல்ல யோசனைதான். எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

2014-இல் வந்த எச்.பி. இசட் 440-ஐ எடுத்துக்கொள்வோம். கடைக்காரர், "சார், பதினாலு கோர் ஜியான்!" என்பார். பொய்யில்லை. ஆனால் அந்த இ5-2680 வி4 ப்ராசசரின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், முக்கினாலும் 3.3. அதே போர்டில் உட்காரும் இ5-1650 வி3-இல் ஆறு கோர்தான். வேகமோ 3.5, தேவைப்பட்டால் 3.8. ஊர்கூடித் தேர் இழுக்கலாம். ஊசியில் நூல் கோக்க ஒருவர்தான் வேண்டும். கேம்களில் ஊசிவேலைதான் அதிகம். நான் ஆறு கோரைத்தான் கேட்பேன். வி3-க்கு முந்தைய இ5 ப்ராசசர்கள் இன்னும் மலிவு. ஆனால் அவற்றில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை. அது இல்லாமல் திறக்க மறுக்கும் புதிய கேம்கள் உண்டு.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. இந்த ஜியான்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. பெட்டியோடு வரும் பழைய குவாட்ரோ கார்டு பெரும்பாலும் கேமுக்குப் பற்றாது. புதிதாக எதைப் போடலாம் என்பதை எஸ்.எம்.பி.எஸ்.தான் முடிவு செய்கிறது. 700 வாட் என்று ஸ்டிக்கர் இருந்தாலும், மூடியைத் திறந்து, கார்டுக்கென்று என்ன வயர் வருகிறது என்று பாருங்கள். ஸ்லாட் தருவது 75 வாட். ஆறு பின் வயர் இன்னொரு 75, எட்டு பின் என்றால் 150. ஜிடிஎக்ஸ் 1650-இல் பல மாடல்கள் வயரே இல்லாமல் ஓடும். ஆர்எக்ஸ் 580 கேட்பதோ 185 வாட். வயர் இல்லையே என்று ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து கன்வர்ட்டர் மாட்டித் தருவார்கள், வேண்டாம். அந்தப் பிளக் தாங்குவது 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் உருகும். எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றலாம் என்றால், இதன் அளவும் பிளக்கும் கம்பெனியின் சொந்த அமைப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அப்படியே பொருந்தாது.

ரேம் சர்வர் வகை, ரெஜிஸ்டர்டு இசிசி டிடிஆர்4. வீட்டுக் கம்ப்யூட்டரில் கழற்றியதைப் போடாதீர்கள். ஒரே பெரிய ரேமைவிட நான்காகப் பிரித்துப் போடுவது நல்லது. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று போதும்.

கடைசியாக விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்த ப்ராசசர்கள் இல்லை. லினக்ஸில் ஸ்டீம் போட்டால் ஏராளமான கேம்கள் ஓடும். வாலரன்ட் ஓடாது. வீட்டுப் பிள்ளை கேட்பது அந்த ஒன்றைத்தான் என்றால், இந்தப் பெட்டிக்கு விலை பேசவே போகாதீர்கள்.