எழுபது வளைவுகளுக்கு மேலே

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என் வகுப்புத் தோழர். போன மாதம் தொலைபேசியில் அழைத்து, "நீ பத்தொன்பது வருஷம் மலை மேலேயே கிடந்தவன். ஒதுக்குப்புறமான ஊர்ல வாழ்றது நல்லதா கெட்டதான்னு பதினஞ்சு நிமிஷம் பேசு. அதுக்கு மேல போனா மைக்கை நிறுத்திடுவேன்" என்றார். நான் பட்டிமன்றப் பேச்சாளன் அல்ல; பௌதிகம் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனவன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

1984ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொல்லிமலையில் உள்ள ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பணியில் சேர்ந்தேன். அப்போது அது சேலம் மாவட்டம். 1997இல்தான் நாமக்கல் தனி மாவட்டமானது. அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் நாள் பாதி வழியிலேயே பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். நான் சொல்லப்போகும் சில விஷயங்களால் அங்கே இருப்பவர்கள் சங்கடப்படக் கூடாது.

கூட வந்தவர்கள் என் மனைவியும் இரண்டு வயது மகளும். ஊரில் மின்சாரம் இல்லை. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள், பேசுவது தமிழ்தான். சாமை, கேழ்வரகு, தினை விளையும். பலாவும் மிளகும் உண்டு.

முதலில் நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன். அவை மெய்யான நன்மைகள்.

போன இரண்டாவது மாதம் எனக்கு டைபாய்டு. ஊருக்கு நான் புதியவன். அவர்கள் சாதியும் இல்லை, சொந்தமும் இல்லை. ஆனாலும் பதினெட்டு நாள் தினமும் ராத்திரி யாராவது ஒருவர் எங்கள் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டார்கள். "வாத்தியாரய்யாவுக்கு ராத்திரியில ஏதாச்சும் ஆனா, அந்தப் பொண்ணு கைக்குழந்தையை வச்சுக்கிட்டு யாரைக் கூப்பிடும்?" என்பதுதான் காரணம். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. தங்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொண்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்று நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் மருத்துவமனையில் இருந்ததே, அவர் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று, அந்தப் பிள்ளைகளின் அறிவு. நான் நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். ஒரு பையன் எழுந்து, "சார், கல்லுப் புரட்டுறதுக்குக் கடப்பாறைக்கு அடியில சின்னக் கல்லு வைப்போமே, அதுங்களா?" என்றான். அதேதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கீரையைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியும். ஒரு வீட்டில் விதை கெட்டுப்போனால் அடுத்த வீட்டுக் குதிரிலிருந்து வாங்கி, அறுவடையில் திருப்பிக் கொடுப்பார்கள். அதற்குப் பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை.

இதையெல்லாம் கேட்டு, "ஆகா, நாமும் போய்விடலாமா" என்று சிலர் முகம் மலர்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

1988 செப்டம்பர். பள்ளி விடுமுறை நாள். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்பாவோடு காட்டு வேலைக்குப் போயிருந்தான். மேலே சொன்னேனே, கடப்பாறை சொன்ன பையன், அவனேதான். மாலையில் வீரியன் கடித்துவிட்டது. ஊர் வைத்தியர் பச்சிலை கொடுத்தார். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. கீழே கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை. என் வீட்டுக் கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்தோம். மழை வேறு. பஸ் ரோட்டுக்கு வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. மிளகு வியாபாரி ஒருவரின் ஜீப் கிடைக்க இன்னும் முக்கால் மணி நேரம். பையனின் தலை என் மடியில். வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். எல்லா வளைவுகளையும் எண்ணி முடிக்க வேண்டியிருக்கவில்லை.

பாம்பின் விஷத்துக்கு முறிவு மருந்து அப்போதே கீழே இருந்தது. இருந்தும், நாங்கள் இருந்த இடத்துக்கும் மருந்து இருந்த இடத்துக்கும் நடுவே இருந்த தூரம் அவனைக் கொன்றது. ஒன்பதாம் நாள் அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்பளியைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். "அம்மாவுக்குக் குளிருமுங்க" என்று என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, மலை வாழ்க்கை அமைதியானது என்று யாராவது எழுதினால், அந்த அமைதியை ராத்திரி எட்டு மணிக்குப் பாம்பு கடித்தவன் கண்ணோடு பாருங்கள் என்பேன்.

பெண்கள் விஷயம் தனி. சாமையைத் தோல் நீக்கி அரிசியாக்குவது சாதாரண வேலை இல்லை. விடியுமுன் உலக்கைச் சத்தம் கேட்கும். தண்ணீர் சுமப்பதும் விறகு சுமப்பதும் அவர்கள்தான். நாம் சிறுதானியத்தின் பெருமை பேசுகிறோம். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. மகிழ்ச்சிதான். ஆனால் ரேஷன் அரிசி வந்ததும் அந்தப் பெண்கள் ஏன் சாமையைக் கைவிட்டார்கள் என்று அந்த உலக்கையைக் கேட்டால் தெரியும். பிற்பாடு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்தபோது, விதையோடு நிற்காமல் அரவை இயந்திரங்களையும் கொண்டுவந்தது. அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒளிய இடமில்லை. ஊர்க் கட்டுப்பாட்டை மீறி விரும்பி மணந்துகொண்ட ஒரு ஜோடிக்கு அபராதம் போட்டு, யாரும் பேசக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். தீர்ப்புச் சொன்னவர்களில் இரண்டு பேர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் திண்ணையில் படுத்திருந்தவர்கள். இரண்டும் ஒரே மனிதர்கள்தான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. அன்று நான் எழுந்து ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அங்கேயே பிழைக்க வேண்டுமே என்ற பயம். அந்த ஜோடி கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து வருடம் புத்தகம் படித்தேன். பிறகு குறைந்தது. கேள்வி கேட்க சக ஆசிரியர் இல்லை, தவறைத் திருத்த ஆளில்லை. ஒருநாள் நம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைச் சேலத்தில் சந்தித்தேன். அவர் சாதாரணமாகப் பேசிய பௌதிகம் எனக்குப் பாதி புரியவில்லை. அன்று பஸ்ஸில் மலை ஏறும்போது ரொம்ப வெட்கமாக இருந்தது.

என் மகள் ஐந்தாம் வகுப்புவரை அங்கேயே படித்தாள். 1993இல் ராசிபுரத்தில் அவள் பாட்டி வீட்டில் விட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் போய், ஞாயிறு மதியம் திரும்புவேன். 2003இல் எனக்குக் கீழே மாற்றல் கிடைத்தபோது அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் ஒருமுறை சொன்னாள்: "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீங்க இருந்தீங்கப்பா. எனக்கு சனிக்கிழமை மட்டும்தான்." கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. மலைக்குப் போவது நான் எடுத்த முடிவு. அவளிடம் யார் கேட்டோம்?

இப்போது ஊருக்குத் தார்ச்சாலை போய்விட்டது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வந்தது. போன வருடம் போயிருந்தேன். அந்தப் பையனின் தம்பி மகளுக்கு ராத்திரி பிரசவ வலி எடுத்து, வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பி வந்திருந்தார்கள். அதே சாலையில்தான் லாரியும் வந்தது. சாமை விளைந்த நிலத்தில் மரவள்ளி போட்டு ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றுகிறார்கள். குதிர் இருந்த இடத்தில் பீரோ இருக்கிறது. விதைக் கடன் போய் வட்டிக் கடன் வந்திருக்கிறது. பழைய நாள் நல்லது என்று நான் புலம்பத் தொடங்கியபோது பையனின் அப்பா (இப்போது மிகவும் வயதாகிவிட்டது) என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரோடு அன்னிக்கே வந்திருக்கலாமுங்க." அதற்கு மேல் நான் பேசவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஒதுங்கிய ஊரின் நன்மைகளை முழுதாக அனுபவிப்பவன், வேண்டும்போது இறங்கிப் போக முடிந்தவன். எனக்கு மாதச் சம்பளமும், மாற்றல் மனு எழுதும் உரிமையும், ராசிபுரத்தில் ஒரு வீடும் இருந்தன. அந்த அப்பாவுக்கு இருந்தது கால்நடைப் பாதை மட்டும். அங்கே போகும் மாணவர்கள், ஆசிரியராகவோ மருத்துவராகவோ, இதை மறக்காமல் போங்கள். போக வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். முதலுதவி கற்றுக்கொண்டு போங்கள். படிப்பை விடாதீர்கள். எத்தனை வருடம் என்று வீட்டாரோடு, பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1995இல் என் மாணவன் ஒருவன் இதே கல்லூரியில் சேர்ந்தான். ஊரிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. மூன்றே மாதத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டான். ஏன்டா என்றேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லையாம். "விடுதியில யாருமே என்கூடப் பேசலீங்க சார்" என்றான். ஆயிரம் பேர் நடுவில் அவன் இருந்த தனிமை, என் மலை எனக்குத் தந்ததைவிடப் பெரியது.

நம் சங்கம் கட்டடம் கட்டட்டும், பரிசு கொடுக்கட்டும். அதோடு, மலையிலிருந்து வரும் ஒவ்வொரு மாணவருக்கும் இந்த ஊரிலேயே இருக்கும் ஒரு முன்னாள் மாணவர் குடும்பம் துணையாக இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு வீட்டில் சாப்பாடு போட்டால் போதும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்களே, சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால், இன்று மதியமே தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.