பள்ளிக்காலப் படங்களும் நாங்களும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலின் இரண்டாம் நாள் காலை, இறக்கக்கண்டியில் ஆற்றிய உரை)



நேற்றிரவு இந்த விடுதி முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி ‘96’ படம் பார்த்தோம். முன்வரிசையில் இருந்த எங்கள் பழைய உப அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன். கடற்காற்றில் மண் விழுந்துவிட்டது என்று பிறகு சொன்னார். அப்படியென்றால் நேற்று எல்லோர் கண்ணிலும் மண் விழுந்திருக்கிறது. அதைக் கண்ட தலைவி அக்கா, “இந்த மாதிரிப் படங்கள் ஏன் எங்களை இப்படிப் பிடிக்கின்றன, நாளைக்குப் பத்து நிமிடம் கதை” என்றார். நான் கணிதம் படிப்பிக்கிறவள், சினிமா படித்தவள் அல்ல. நான் பிறந்த ஊரிலேயே கூட்டம் வைத்துவிட்டு என்னைக் கேட்டதால் மறுக்க முடியவில்லை.

இந்த வகைப் படத்தைத் தமிழில் எங்களுக்குத் தந்தவர் எங்கள் மாகாணத்துக்காரர்தான். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1979இல் எடுத்த ‘அழியாத கோலங்கள்’ அவர் இயக்கிய முதல் தமிழ்ப் படம். மூன்று பெடியன்கள், ஒரு ஆறு, ஊருக்குப் புதிதாக வரும் ஒரு டீச்சர். டீச்சராக ஷோபா. வளர்ந்துவிட்ட ஒருவரின் நினைவாகக் கதை விரிகிறது. அந்த ஆசிரியராக கமல் ஹாசன் இல்லை, அந்தப் பெடியன்களில் ஒருவன் வளர்ந்து வரும் உருவமாகத் தொடக்கத்தில் சிறிது நேரம் வருகிறார். பாலு மகேந்திரா பள்ளிப் பையனாக இருந்தபோது சுற்றுலாவில் கித்துல்கலைக்குப் போய், அங்கே ‘பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படப்பிடிப்பைப் பார்த்தார். அன்றைக்கே சினிமாக்காரனாவது என்று முடிவெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எங்களையும் சுற்றுலா கூட்டிப் போனார்கள். நாங்கள் பஸ்ஸில் சத்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அந்தப் படத்தை நான் இங்கே, பெரியப்பா வீட்டு முற்றத்தில்தான் பார்த்தேன். நிலாவெளியிலிருந்து டெக்கும் டீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வரும். ஒரே இரவில் மூன்று படம். மூன்றாவது படத்துக்குள் பாதிப்பேர் பாயில் நித்திரை. ‘அழியாத கோலங்கள்’ இரண்டாவதாகப் போட்டதால் நான் முழித்திருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. அந்தப் பெடியன்களில் ஒருவன் ஆற்றில் மூழ்கிச் சாகும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த என் சிநேகிதி அழவில்லை. “இவங்கள் மூண்டு பேரும் எவ்வளவு சுதந்திரமாத் திரியிறாங்கள், பார்” என்றாள். அவள் சொன்னதை அன்று நான் கவனிக்கவில்லை.

இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். ‘ஆட்டோகிராஃப்’ (2004) படத்தில் சேரன் கல்யாணப் பத்திரிகையோடு பழைய ஊருக்குப் போகிறார். ‘96’ படத்தில் ராம் தஞ்சாவூரில் தான் படித்த பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்துகிறான். திரையில் ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு இனி வரப்போவது தெரியாது. பார்க்கிற எங்களுக்குத் தெரியும். சும்மா சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓடுகிற காட்சியிலேயே தொண்டை அடைப்பது அதனால்தான்.

அமெரிக்காவில் ஜோர்ஜ் லூகாஸ் 1973இல் எடுத்த ‘அமெரிக்கன் கிரஃபிற்றி’யும் இதைத்தான் செய்கிறது. 1962ஆம் ஆண்டில் ஓர் இரவு, சின்னப் பட்டினம், கார்களில் சுற்றுகிற இளசுகள். பதினொரு வருடப் பழசுக்கு இவ்வளவு ஏக்கமா என்று கேட்கலாம். அந்தப் பதினொரு வருடத்துக்குள் கென்னடி கொல்லப்பட்டார், வியட்நாம் யுத்தம் வந்தது. படம் முடியும்போது நான்கு பெடியன்களுக்கும் பின்னால் என்ன நடந்தது என்று எழுத்தில் போடுகிறார்கள். ஒருவன் விபத்தில் செத்தான், ஒருவன் வியட்நாமில் காணாமல் போனான், ஒருவன் காப்புறுதி முகவர், ஒருவன் கனடாவில் எழுத்தாளர். அந்த இரவு முழுக்க அவர்களோடு சுற்றிய பெட்டைகளுக்கு என்ன ஆனது என்று ஒரு வரிகூட இல்லை.

இதைக் கவனித்த பிறகு மற்றப் படங்களையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அநேகமாக எல்லாமே பெடியன்களின் ஞாபகம். நாங்கள் அதில் யன்னலோரம் இருப்போம், பாவாடை தாவணியில் திரும்பிப் பார்ப்போம், மழையில் நனைவோம். நாங்கள் என்ன நினைத்தோம் என்று கேட்பார் இல்லை. சைக்கிளில் பின்னால் வருகிறவன் அவன் படத்தில் கதாநாயகன். எங்கள் ஊரில் அப்படி ஒருவன் இரண்டு நாள் வந்தால் மூன்றாம் நாள் பெட்டையின் படிப்பு நிற்கும். கொப்பிக்குள் கடிதம் பிடிபட்டு, ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் இருத்தப்பட்ட ஒருத்தி எங்கள் வகுப்பிலேயே இருந்தாள். கடிதம் எழுதியவன் பிறகு உயர்தரம் எடுத்தான். பெடியன்கள் வளர்கிறார்கள் என்று காட்ட ஆறு, மாமரம், களவாகப் பிடித்த சிகரெட் எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு, பெரிய பிள்ளை ஆனதும் அறை மூலையில் பாய் விரித்து நாட்கணக்கில் இருத்தி, நல்லெண்ணெயும் முட்டையும் தந்தார்கள். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போகக்கூடாது. கடல் வீட்டிலிருந்து இருநூறு யார்தான். அலைச் சத்தம் கேட்கும்.

விதிவிலக்கு ஒன்றை எங்கள் நாட்டிலேயே எடுத்திருக்கிறார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1968இல் எடுத்த ‘கொலு ஹதவத’, கருணாசேன ஜயலத்தின் நாவலில் இருந்து வந்த சிங்களப் படம். ஊமையாகிப்போன மனம் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லலாம். பாடசாலைப் பையன் சுகத், மாணவி தம்மி. முதலில் சுகத்தின் பக்கத்துக் கதை. அவள் விலகிப் போகிறாள், அவன் உடைந்து போகிறான், எங்களுக்கும் அவள்மேல் கோபம் வருகிறது. பிறகு அதே கதையைத் தம்மியின் பக்கமிருந்து திரும்பச் சொல்கிறார்கள். அவன் அறியாத காரணங்கள் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவருகின்றன. அதே பார்வை, அதே சிரிப்பு, ஆனால் அர்த்தம் வேறு. ‘96’ எனக்குப் பிடித்ததற்கும் இதே காரணம்தான். அந்த ஒரு இரவில் ஜானுவும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது.

இனி என் கதை ஒன்று. நேரம் முடிந்தால் தலைவி அக்கா மணி அடிக்கட்டும்.

ஜானு பத்தாம் வகுப்பில் இருந்த 1994இல் எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பு வயதில் நாங்கள் இருந்தது 1990 யூன் மாதம். அப்போதெல்லாம் நானும் என் சிநேகிதியும் காலை பஸ்ஸில் நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி கடந்து பள்ளிக்கு வருவோம். அவள் யன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருந்தாலும் எல்லோரும் ஓட்டோகிராப் கொப்பி வாங்கிவிட்டோம். என்னுடையது இளஞ்சிவப்பு மட்டை. அதை எழுதித் தருகிறேன் என்று அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்தக் கிழமை சண்டை தொடங்கியது. நாங்கள் கையில் கிடைத்ததோடு பட்டினத்துக்கு, மாமி வீட்டுக்கு ஓடினோம். அவர்கள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சொல்லாமல் போய்விட்டாள், என் கொப்பியையும் கொண்டுபோய்விட்டாள். இருபத்தெட்டு வருடம் அவளைப் பற்றி எனக்கு இருந்த ஞாபகம் அதுதான். ஊர் சனம் போனது, வந்தது. 2004 மார்கழியில் கடல் வந்து பெரியப்பாவின் முற்றத்தை வீட்டோடு எடுத்துக்கொண்டு போனது. இப்போது நாங்கள் பார்க்கிற நீளமான பாலம் பிறகு வந்தது. என் மனவருத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

‘96’ வெளியான பிறகு, தெரிந்த ஒருவர் மூலம் என் நம்பர் எடுத்துத் திருச்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. “படம் பார்த்தியாடி?” என்றாள். முதல் கேள்வியே அதுதான். பிறகு அவள் பக்கத்தைச் சொன்னாள். கொப்பியைத் தருவதற்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாங்கள் முதல் நாளே போய்விட்டோம், படலை கயிற்றால் கட்டியிருந்தது. சொல்லாமல் போனது நான்தான் என்று இருபத்தெட்டு வருடம் அவளும் கோபத்தில் இருந்திருக்கிறாள்.

கொப்பி என்ன ஆனது என்று கேட்டேன். மண்டபம் முகாமில் முதல் மாதங்களில் கடதாசிக்குத் தட்டுப்பாடு. எழுதாத பக்கங்களில் தம்பிக்கு வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தாளாம். எழுதிய பக்கங்களை எடுத்து வைத்திருந்தாளாம், ஒரு மழைக்கு நனைந்துபோனது. “நீ எனக்கு என்ன எழுதினாய்?” என்றேன். ஞாபகம் இல்லை என்றாள். “தம்பிக்கு ஏழாம் வாய்ப்பாடு எழுதினது ஞாபகம் இருக்கு” என்றாள். நான் கணக்கு டீச்சர் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

படத்தில் வரும் அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்து அவள் அழுதாளா என்று கேட்டேன். “எனக்கு என்ன பள்ளிக்கூடம்? பதினாறு வயசில தையல் கடைக்குப் போனன். அப்பிடி ஒரு பள்ளிக்கூடம் எனக்கு இருந்திருந்தா எப்பிடி இருக்கும் எண்டுதான் அழுதன்” என்றாள். நேற்றிரவு துணித்திரைக்கு முன்னால் இருந்தபோது எங்களில் எத்தனை பேர் அந்த மாதிரி அழுதோம் என்று யோசித்தேன்.

இந்த மலரில் பரிசு பெற்றவர்கள், மாணவ தலைவிகள், வலைப்பந்து அணி எல்லோர் படங்களும் வருகின்றன, நல்லது. மலர்க் குழுவிடம் நான் இரண்டு வெற்றுப் பக்கம் கேட்டிருக்கிறேன். 1990இல் எங்கள் வகுப்பு இடாப்பில் இருந்து, பிறகு திரும்பி வராதவர்கள், தங்கள் பக்கத்தைத் தாங்களே எழுதுவதற்கு. முதல் பத்தி வந்துவிட்டது. திருச்சியிலிருந்து, குரல்பதிவாக. எழுதக் கை வரவில்லையாம். அதை நான் எழுதிக் கொடுப்பதாக ஏற்றிருக்கிறேன்.