சராசரிக்குள் மறையும் நாட்கள்

(மாத்தளை மாவட்டத் தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



பேச்சுவார்த்தைக்குப் போனால் நிர்வாகம் முதலில் மேசையில் வைப்பது சராசரியைத்தான். "உங்கள் ஆட்கள் மாதம் சராசரியாக இத்தனை நாள் வேலை செய்கிறார்கள்" என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். லயத்துக்கு வந்த பிறகுதான், கடைக்காரர் சராசரிக்குக் கடன் கொடுப்பதில்லை என்பது ஞாபகம் வருகிறது.

நமது மாவட்டத்தில் தேயிலையும் உண்டு, இறப்பரும் உண்டு. மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மழையோடு போய்விடும். வடகீழ்ப் பருவமழை காலத்தில் பால்வெட்டும் குடும்பம் படும் பாடு உங்களுக்குத் தெரியும்.

விளக்கத்துக்காக நாமே இரண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவின் வேலை நாட்கள் 22, 23, 21, 22, 24, 20. சராசரி 22. பால்வெட்டும் ஒரு அண்ணனுக்கு 7, 8, 18, 22, 21, 20. சராசரி 16. சராசரியை மட்டும் பார்த்தால் வித்தியாசம் மாதம் ஆறு நாள், அவ்வளவுதான். ஆனால் நவம்பரில் அந்த அண்ணன் வீட்டுக்கு வந்தது 7 நாள் சம்பளம். அந்த 7 சராசரியில் எங்கே தெரிகிறது?

அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கித்துக் கூட்டி, ஆறால் பிரித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேளுங்கள், "நியம விலகல்" என்று சொல்லும். அக்காவுக்கு அது ஏறக்குறைய 1.3 நாள். அண்ணனுக்கு 6.1 நாள்.

இதை அப்படியே ஒப்பிட்டால் சில இடத்தில் ஏமாந்து போவோம். ஒருவர் நாளுக்குச் சராசரி 18 கிலோ கொழுந்து எடுக்கிறார், விலகல் 3 கிலோ. இன்னொருவருக்கு 6 கிலோ இறப்பர், விலகல் 2 கிலோ. மூன்று பெரிது, இரண்டு சிறிது என்று சொல்லலாமா? கூடாது. 18இல் 3 என்பது 17 வீதம் அளவில்தான் வரும். 6இல் 2 என்பது 33 வீதம். ஆட்டம் கூடியது இறப்பரில்தான். இப்படி விலகலைச் சராசரியால் பிரித்து நூற்றால் பெருக்குவதை மாறற் குணகம் என்பார்கள். 1896இல் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த அளவு இது. நமது கணக்கில் அக்காவுக்கு 6 வீதம், அண்ணனுக்கு 38 வீதம்.

ஒன்றைக் கவனியுங்கள். மாதாமாதம் 10 நாள் மட்டுமே வேலை கிடைப்பவருக்கு இந்தக் குணகம் பூச்சியம். அதற்காக அவர் நன்றாக இருக்கிறார் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சராசரியையும் குணகத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

சம்பளத்திலும் இதே கதைதான். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா என்று பெரிதாகச் சொன்னார்கள். அதில் அடிப்படை 500. வரவுக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தித்திறனுக்கு 140. வரவு 75 வீதத்துக்குக் குறைந்தால் 60 போனது, நோர்ம் வராவிட்டால் 140 போனது. காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு 730 என்பது 530 ஆனது. 2019 ஒப்பந்தத்தில் அந்த இரண்டு கொடுப்பனவும் எடுக்கப்பட்டு, அடிப்படை 700, விலைப் பங்கு 50 என்று 750 ஆனது. மொத்தத்தில் கூடியது வெறும் 20 ரூபா என்று நாமே திட்டினோம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஆடாத பங்கு 500இலிருந்து 700க்குப் போனதை அன்று நம்மில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் வந்த 1000 ரூபாவிலும் 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டப் படி.

அதனால் இனி "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "அதில் மழைக்கும் நோய்க்கும் ஆடாதது எவ்வளவு?" என்றும் கேட்போம்.

ஒவ்வொரு டிவிஷனிலும் பத்துக் குடும்பத்தின் சம்பளத் துண்டுகளை ஆறு மாதத்துக்குச் சேர்த்து வையுங்கள். பேர், அரைப் பேர் இரண்டையும் தனித்தனியே கொப்பியில் எழுதுங்கள். பால்வெட்டும் வீடுகளை விட்டுவிட வேண்டாம். கணக்கை அடுத்த வகுப்பில் கையடக்கத் தொலைபேசியிலேயே சேர்ந்து போட்டுக்கொள்ளலாம், கொப்பியை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.